கொழுந்தைக் காக்கும் கசப்பு

வேப்பங்கொட்டை, நொச்சி, உண்ணிச்செடி, கடற்பாசி எனத் தேயிலைத் தோட்டத்துக்குள் தாவரச் சாறுகள் மறுபடி நுழைகின்றன. பலன் இருக்கிறது. அதற்கான உழைப்பை யார் தலையில் சுமத்தப் போகிறோம்?

வால்பாறையில் இன்னும் முழுசாகப் பொழுது புலரவில்லை. கொழுந்துகளின் நுனியில் பனிநீர் நிற்கிறது. அந்தப் பூச்சி மேய்வது இந்த நேரத்தில்தான். மெல்லிய உடம்பு, நீண்ட கால்கள், உடம்பைவிட நீளமான உணர்கொம்புகள், முதுகில் குண்டூசியை நட்டு வைத்ததுபோல் ஒரு சிறு முள். தேயிலைக் கொசு என்று பெயர் பெற்றாலும் இது கொசு இனம் அல்ல, நாவாய்ப்பூச்சி வகை. இளந்தளிரில் ஊசிவாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. சற்று நகர்ந்து மறுபடி குத்துகிறது. அதன் எச்சில் பட்ட இடமெல்லாம் சில மணி நேரத்தில் பழுப்புப் புள்ளியாகிறது. வெயில் ஏறினால் செடியின் அடிக்கிளைகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் நிரை பிடித்து வந்து நிற்கும்போது பூச்சி கண்ணில் படாது. புள்ளி விழுந்து, சுருண்டு, கருகிய கொழுந்துதான் தெரியும். அது எடைக்கும் சேராது, தரத்துக்கும் சேராது. தாக்குதல் முற்றிய காட்டில் ஒரு சுற்றுப் பறிப்பே இல்லாமல் போய்விடும்.

இத்தனை காலம் இதற்கு ஒரே பதில் மருந்தடிப்பதுதான். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று, அதுவும் கேட்காவிட்டால் இரண்டையும் கலந்து. இன்று அந்த வழி குறுகிக்கொண்டே வருகிறது. அடைத்தது பூச்சியல்ல, சந்தை.

கோப்பைக்குள் வந்த கணக்கு

பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு எல்லை வகுக்கப்படாத ரசாயனம் எதுவானாலும், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ தேயிலையில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் தேயிலை வாரியம் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. தேயிலைக்கென்று பதிவு பெற்ற மருந்தை மட்டுமே தெளிக்கலாம் என்பது அதன் சாரம். ஆபத்தான பூச்சிக்கொல்லிகள் இருபதைப் பெயர் குறித்தே வாரியம் தடுத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எச்ச அளவுகள் உள்நாட்டுத் தேநீருக்கும் பொருந்தும்.

இதன் சூடு யார்மீது பட்டது என்று பார்க்க 2024ஆம் ஆண்டு அசாமைப் பார்த்தால் போதும். எச்சம் இல்லை என்று பரிசோதனைச் சான்று இல்லாத பச்சைக் கொழுந்தை ஜூன் 1 முதல் வாங்க மாட்டோம் என்று, சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் ஆலைகள் அறிவித்தன. ஆலையை வாரியம் கேட்கிறது, விவசாயியை ஆலை கேட்கிறது. விவசாயி யாரைக் கேட்பார்? பறித்த கொழுந்து ஒரு நாள்கூடக் காத்திருக்காது. இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளின் நிலத்திலிருந்து வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த அறிவிப்பு எத்தனை வீடுகளைக் கலக்கியிருக்கும் என்பது புரியும்.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், குந்தா, கூடலூர்ப் பக்கங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கவலைதான். தாவரச் சாறு பற்றிய பேச்சு இங்கே மறுபடி சூடு பிடித்ததற்குக் காரணம் இயற்கைமீது திடீரென்று வந்த காதல் மட்டுமல்ல.

சூடானில் தப்பிய மரம்

வேம்பின் கசப்பு நமக்குப் புதிதில்லை. நெல் குதிருக்குள் வேப்பிலை போட்ட பாட்டிமார்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கசப்பு எப்படி வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது 1959இல் சூடானில் நடந்த ஒரு சம்பவம். பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றன. ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் அதைக் கவனித்தார். 1968இல் இங்கிலாந்தில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அசாடிராக்டின் என்று பெயர் வைத்தார்கள். அதன் மூலக்கூறு அத்தனை சிக்கலானது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கி முடிக்க 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இல்தான் அது கைகூடியது.

அசாடிராக்டின் பூச்சியைத் தொட்டவுடன் சாய்க்கும் மருந்தல்ல. பூச்சிக்குத் தின்னும் ஆசையைக் கெடுக்கிறது. இளம் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குழப்புகிறது. முட்டையிடுவதைக் குறைக்கிறது. காலையில் அடித்துவிட்டு மாலையில் போய்ப் பார்த்தால் பூச்சி உயிரோடுதான் இருக்கும். ரசாயனத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது தோல்வி. பல தோட்டங்களில் வேப்பங்கொட்டைக் கரைசலை ஒரே தடவையோடு கைவிட்டதற்கு இந்த எதிர்பார்ப்பு முக்கியக் காரணம்.

இன்னொரு குணமும் உண்டு. வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். எச்சக் கணக்குக்கு இது வரம், பூச்சிக் கணக்குக்குத் தொல்லை. மாலையில் தெளிக்க வேண்டும், சில நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்க வேண்டும். மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து. நீலகிரியில் மழை எப்போது பெய்யாது?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தேயிலைக் கொசுவின் நெருங்கிய உறவு இனம் ஒன்று வேப்ப மரத்தையே தாக்குகிறது. சில ஆண்டுகளாகத் தமிழகத்தில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிக் காய்ந்து நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பூஞ்சையோடு சேர்ந்து அந்தக் கருகலுக்குப் பொறுப்பு இந்த நாவாய்ப்பூச்சிக்கும் உண்டு. வேம்பில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் இனத்தை வேம்பாலேயே முழுசாக ஒழித்துவிடலாம் என்று யாராவது புட்டியில் எழுதி விற்றால் நம்ப வேண்டாம். செஞ்சிலந்தி, இலைப்பேன், புழுக்கள் மீது வேம்பு நன்றாக வேலை செய்கிறது. தேயிலைக் கொசுவுக்கு மற்ற வேலைகளோடு சேர்த்துத்தான்.

[பெட்டிச் செய்தி]
வேப்பங்கொட்டைக் கரைசல், 5 சதவீதம்

நன்கு காய்ந்த வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ. பொடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் கலக்கினால் பால்போல் வெளுத்து வரும். மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல். அன்றன்று செய்து அன்றன்று தெளிக்க வேண்டும். எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். கொட்டை சேகரித்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டுப் பத்து மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

வேலியோரத்து மருந்துக்கடை

அசாமின் ஜோர்ஹாட்டில் 1911இல் தொடங்கிய டோக்லாய் ஆராய்ச்சி நிலையமும் வடவங்கப் பல்கலைக்கழகத்தினரும் வங்கதேச ஆய்வாளர்களும் தோட்டத்தைச் சுற்றிக் களையாக நிற்கும் செடிகளைத் தேயிலைப் பூச்சிகள்மீது சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெருகிலை, நொச்சி, ஆடாதோடை, வசம்பு, மருளூமத்தை, உண்ணிச்செடி, புங்கு. நமக்குப் பெயர் தெரிந்த செடிகள்தான் பெரும்பாலும். நொச்சியும் ஆடாதோடையும் நம் வீட்டுக் கைமருந்து. ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கினால் நாறும் இலை என்று தேடிப் பூச்சிவிரட்டி காய்ச்சும் வழக்கமும் இங்கே ஊரறிந்தது. ஆராய்ச்சி நிலையங்கள் அந்த அறிவுக்கு அளவும் காலமும் வகுத்துத் தருகின்றன.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உண்ணிச்செடி. முதுமலைக் காட்டையும் நீலகிரிச் சரிவுகளையும் அது எப்படி விழுங்கியிருக்கிறது என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மான் தின்ன வேண்டிய புல்லை வளரவிடாமல் நிற்கிறது. அதை வெட்டி எடுப்பதற்கு வனத்துறை பெரும்பாடு படுகிறது. வெட்டியதில் ஒரு பகுதி தேயிலைக் காட்டுக்குக் கரைசலாகப் போனால் இரண்டு பக்கமும் ஆதாயம். விதை பரவாமல், பூக்கும் முன் வெட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

தேயிலைக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இங்கே குறுக்கிடுகிறது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் புதிய மருந்து எதையும் தேயிலைக்குப் பரிந்துரைக்கும் முன் அது தெளித்த செடியின் தூளைக் காய்ச்சிச் சுவைஞர்கள் குடித்துப் பார்க்கிறார்கள். கத்தரிக்குப் பொருந்திய பூண்டுக் கரைசலை அப்படியே கொண்டுவந்து, நாளைக்குப் பறிக்கப் போகும் கொழுந்தில் அடித்தால் ஆலையில் தெரிந்துவிடும்.

கடலிலிருந்து மலைக்கு

பூச்சி ஒரு பாதி. வளர்ச்சி இன்னொரு பாதி. இங்கே பேசப்படும் பொருள் பாம்பன், மண்டபம் கரையிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவைகளில் வளர்க்கும் காப்பாபைகஸ் பாசியைப் பச்சையாக அரைத்துச் சாறு எடுக்கும் முறையை பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சாறு இலைவழித் தெளிப்புக்கு, சக்கை காரஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்கு. சாற்றில் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் பொட்டாசியமும் உண்டு. கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்கும்போதும் வறட்சியைத் தாங்க வேண்டிய மாதங்களிலும் கடற்பாசிச் சாறு கைகொடுக்கும் என்று தோட்டங்கள் தெளிக்கின்றன. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி உயிரியல் ஊக்கிகளுக்கு மத்திய அரசு சட்ட வடிவம் கொடுத்தது. அதுவரை எந்தக் கேள்விமுறையும் இல்லாமல் விற்ற சரக்கு இது.

ஆனால் ஊக்கி வேறு, உரம் வேறு. நூறு கிலோ தேயிலைத் தூள் தோட்டத்தைவிட்டுப் போகும்போது ஏறக்குறைய நான்கு கிலோ நைட்ரஜன் அதோடு போகிறது. இலைப் பயிர் என்பதால் இந்த இழப்பு ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரில் கலக்கும் சில நூறு மில்லி சாறு இதை ஈடுகட்டாது. எத்தனை தொழு உரம், எத்தனை கம்போஸ்ட், எத்தனை இலைமக்கு என்று கணக்குப் போடாமல் சாற்றை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன நேரும் என்பதை ஒரு தேசமே நமக்குக் காட்டிவிட்டது.

இலங்கை கொடுத்த விலை

2021 மே மாதத் தொடக்கத்தில் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே அரசிதழ் அறிவிப்பில் நிறுத்தியது. மாற்றாக இயற்கை உரம் என்றது. தயாரிப்பு இல்லை, கால அவகாசம் இல்லை. சீனாவிலிருந்து வரவழைத்த கடற்பாசி சார்ந்த இயற்கை உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொல்ல, கப்பல் கரை சேராமல் திரும்பியது. அதற்கும் பல லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

1925இல் தொடங்கி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் நாடு அது. 1930களிலேயே ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டு, இலைசுருட்டிப் புழுவை மருந்தில்லாமல் அடக்கிக் காட்டிய நாடு. உலகின் தொடக்ககால இயற்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றான இதல்கஸ்ஹின்ன அங்கேதான் இருக்கிறது. இயற்கை முறையில் தேயிலை முடியாது என்பதல்ல இலங்கையின் பாடம். பல ஆண்டு எடுத்து மண்ணைத் தயார் செய்து ஒரு தோட்டம் செய்ததை, நாடு முழுவதும் ஓர் உத்தரவில் செய்ய முயன்றார்கள். அக்டோபர், நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் செடி பசியில் விழுந்திருந்தது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி, உரவிலை ஏற்றமும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. கால் நூற்றாண்டில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை.

இந்தப் புள்ளிவிவரத்துக்குக் கீழே மலையகத் தமிழர்களின் கூலிச்சீட்டு இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, என்பது தோட்டத்துக் கணக்கு. செடியில் கொழுந்து குறைந்தால் அந்தக் கிலோவை எங்கிருந்து கொண்டுவருவது? அரைப்பேர் விழும். கொழும்பில் எடுத்த முடிவின் பற்றாக்குறையை லயத்துக் குடும்பங்கள் தங்கள் சமையலறையில் ஈடுகட்டின. தாவரச் சாறு பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

[பெட்டிச் செய்தி]
தாவரத்திலிருந்து வந்தாலும் நஞ்சு நஞ்சுதான்

* புகையிலைக் கஷாயத்தில் இருக்கும் நிக்கோட்டின் தோல்வழியாகவே மனித உடம்பில் ஏறும். இயற்கை வேளாண் சான்றிதழ் தரங்கள் பலவும் அதை அனுமதிப்பதில்லை.
* சில அவரைக் குடும்பத் தாவரங்களின் வேரிலிருந்து வரும் ரோட்டினோன் ஒருகாலத்தில் இயற்கைப் பூச்சிக்கொல்லியாகக் கொண்டாடப்பட்டது. மீனுக்குக் கொடிய நஞ்சு. பார்க்கின்சன் நோயோடு தொடர்பு பேசப்பட்டபின் பல நாடுகளில் ஒதுக்கப்பட்டது.
* வேம்புச் சாறும் நீர்வாழ் உயிர்களுக்கு முற்றிலும் தீங்கற்றது அல்ல. ஓடையோரம் தெளிப்பானைக் கழுவக் கூடாது.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

மூலிகை, ஆர்கானிக், பயோ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட புட்டிகள் மலைப்பகுதிக் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. சில உண்மையான சரக்கு. தேயிலைக்கென்று பதிவு பெற்ற அசாடிராக்டின் மருந்துகள் உண்டு. சிலவற்றில் தாவரச் சாறு என்ற பெயரில் ரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கலந்து விற்பது இந்தியாவில் பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இந்தக் கலப்படம் இரண்டு தடவை கொல்கிறது. நம்பி அடித்தவர் மூக்கு மூடாமல், கையுறை போடாமல் அடித்திருப்பார், மூலிகைதானே என்று. பிறகு அவருடைய கொழுந்தில் எச்சம் கண்டு ஆலை திருப்பி அனுப்பும்போது, நான் ரசாயனமே அடிக்கவில்லை என்ற அவர் வார்த்தையை யார் நம்புவார்கள்? கலப்படம் செய்தவருக்குப் பெரிய தண்டனை கிடைத்ததாக நாம் கேள்விப்படுவதும் இல்லை. இந்தத் துறையில் அரசு முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது என்பேன்.

பறிக்கும் கையே முதல் மருந்து

தேயிலைக் கொசு முட்டையிடுவது இளந்தண்டுக்குள். வெளியே இரண்டு வெள்ளை இழை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பழகிய கண்ணுக்கு அது தெரியும். கொழுந்தைக் காலம் தவறாமல், தண்டு மிச்சம் வைக்காமல் பறித்தால் முட்டையும் சேர்ந்து தோட்டத்தைவிட்டு வெளியேறும். எந்தக் கரைசலையும்விட இது வலுவான வைத்தியம். சுற்று தள்ளிப்போனால் பூச்சி பெருகும். ஆள் இல்லாமல் சுற்று தள்ளிப்போவதுதான் இன்று எல்லா மலைகளிலும் நடக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள்.

செஞ்சிலந்தியின் கதையும் அப்படித்தான். தை முதல் சித்திரை வரை, நிழலில்லாத, தூசி படிந்த சாலையோரச் செடிகளில் அது கொழிக்கும். அதைத் தின்னும் பொறிவண்டும் இரைவிழுங்கிச் சிலந்திகளும் இருக்கின்றன. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அவைதான். சில பைரித்திராய்டு மருந்துகளுக்குப் பிறகு செஞ்சிலந்தி முன்னைவிட அதிகமாகப் பெருகுவது ஆராய்ச்சியாளர்கள் பலமுறை கண்டது. தாவரச் சாற்றின் உண்மையான மதிப்பு இங்கேதான். பூச்சியை ஓரளவு அடக்குகிறது, அதன் எதிரிகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. மீதி வேலையை அவை பார்க்கும், நிழல்மரம் பார்க்கும், பறிக்கும் கை பார்க்கும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 10 கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். நீலகிரியின் குளிரில் வேம்பு வளராது. கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து மேலே ஏற வேண்டும். ஊற வைக்க, அரைக்க, வடிக்க, மாலையில் தெளிக்க, ஒரு வாரத்தில் மறுபடி தெளிக்க ஆள் வேண்டும். சிறு குடும்பத் தோட்டத்தில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண். பகலெல்லாம் கொழுந்து பறித்தவர். ரசாயனப் புட்டியை மூடி திறந்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு, இவர் இரண்டு நாளைக் கொடுக்கிறார்.

அந்த இரண்டு நாளுக்கு விலை இல்லை. ஆலைக்குப் போனதும் அவர் கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தோடு ஒரே வாட்டுத்தொட்டியில் கொட்டப்படுகிறது. மருந்தே அடிக்காதவருக்கும் மாதம் ஒரு மருந்து அடித்தவருக்கும் கிலோவுக்கு ஒரே ரேட். நீலகிரியின் கோராகுந்தாபோல், டார்ஜிலிங்கின் மக்காய்பாரிபோல் சொந்த ஆலையும் இயற்கைச் சான்றும் ஏற்றுமதிச் சந்தையும் உள்ள தோட்டம் தன் உழைப்பைப் பொட்டலத்தின்மேல் எழுதி விற்க முடியும். ஒரு ஏக்கர்க்காரரால் முடியாது. கிலோ பத்து ரூபாய்க்குக் கீழே கொழுந்து விற்ற காலத்தை மறக்காத மக்களிடம் நஞ்சில்லாத் தேயிலையின் பெருமையைப் பேசுமுன் இந்த ஒரே ரேட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ரேஷன் கடையிலிருந்து தொடங்கலாம்

வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் தூள் ஊட்டி டீ என்ற பெயரில் தமிழகத்து ரேஷன் கடைகளுக்கே வருகிறது. விவசாயி, ஆலை, பொட்டலம், வாங்கும் குடும்பம் என்று இத்தனையும் ஒரே கூட்டுறவுச் சங்கிலியில் அமைந்த இடம் இந்தியாவில் வேறு எத்தனை இருக்கும்? ஓர் ஆலை வாரத்தில் இரண்டு நாளைச் சாறு மட்டும் தெளிக்கும் விவசாயிகளின் கொழுந்துக்கென்று ஒதுக்கலாம். அந்தத் தொகுதியை எச்சப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவை விவசாயி தலையில் போடாமல் இண்ட்கோசர்வோ தேயிலை வாரியமோ ஏற்கலாம். தேறிய தூளைத் தனிப் பொட்டலத்தில் போட்டு, கிடைக்கும் கூடுதல் விலையைக் கொழுந்து ரேட்டில் சேர்த்துக் கொடுக்கலாம். கரைசலை வீட்டுக்கு வீடு அரைக்காமல் ஊருக்கு ஒரு கூடத்தில் மகளிர் குழு கூலிக்கு அரைத்துத் தரலாம். அரைத்த பொருளின் அசாடிராக்டின் அளவைக் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் குன்னூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வால்பாறை ஆராய்ச்சி நிலையத்தையோ பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

சமவெளியில் வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. பொறுக்கிக் காய வைத்து மூன்று மாதம் ஆற வைத்தால், தை மாதம் செஞ்சிலந்தி கிளம்பும் நேரத்துக்குச் சரியாகப் பக்குவம் வரும். கொள்முதலுக்கான உத்தரவு வைகாசிக்குள் வந்தாக வேண்டும்.